டிரெய்லர் ஒயரைக் காட்டி வாரண்டியை மறுக்க முடியுமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். திருமணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது என் தொழில். சென்ற ஆண்டு புதுச்சேரியில் ஒரு ஷோரூமில் ரூ.9.40 லட்சத்துக்கு பிக்கப் வண்டி வாங்கி, கடலூரில் பதிவு செய்தேன். நானே ஓட்டுகிறேன், உதவிக்கு ஒரு பையன் மட்டும். ஜெனரேட்டர் டிரெய்லரை இழுப்பதற்காக வெளியே கொக்கி பொருத்தி, பின்விளக்கு ஒயரிலிருந்து டிரெய்லர் விளக்குக்கு இணைப்பு எடுத்தேன். சில மாதங்களில் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கு எரிந்தது, சர்வீஸில் அதை அணைத்துக் கொடுத்தார்கள். மாசி மகத்துக்குச் சற்று முன்பு மீண்டும் எரிந்தது, பிரேக் மிதியும் உதறியது. ஏ.பி.எஸ். மாட்யூலை (அதன் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை) மாற்ற ரூ.58,000 ஆகும், டிரெய்லர் ஒயரால்தான் கெட்டது, ஆகவே மூன்றாண்டு வாரண்டி செல்லாது என்கிறார்கள். பணம் கட்டாமல் வண்டியைத் தர மறுப்பதோடு, நிறுத்தி வைத்ததற்கு நாள் வாடகையும் கேட்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் வெளியே ஒயர் வேலை செய்தீர்கள் என்பது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இணைப்புதான் மாட்யூலைக் கெடுத்தது என்பது வேறு விஷயம், உங்கள் வழக்கு முழுவதும் அதைச் சுற்றியே நடக்கும். வாரண்டி கையேட்டை எடுத்து, விலக்குகள் பற்றிய பகுதியை வரிவரியாகப் படியுங்கள். வெளியே செய்த மாற்றத்தால் ஏற்படும் பழுதுக்கு மட்டும் வாரண்டி இல்லை என்று இருந்தால், அந்தத் தொடர்பைக் காட்டும்படி அவர்களைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எந்த மாற்றம் செய்தாலும் வாரண்டி முழுவதும் போய்விடும் என்று இருந்தால் வழக்கு சற்றுக் கடினமாகும். அப்போதும், சம்பந்தமே இல்லாத ஒரு பழுதுக்கு அந்த வரியைக் காட்டுவது நியாயமா என்று நுகர்வோர் ஆணையத்தின் முன் வாதிட இடமிருக்கிறது.

அவர்கள் சொல்வதை முற்றிலும் பொருந்தாத காரணம் என்றும் ஒதுக்கிவிட முடியாது. மாட்யூல் இருப்பது முன்னால், பிரேக் ஆயில் குழாய்கள் வந்து சேரும் பம்ப்போடு ஒட்டியபடி. ஆனாலும் பிரேக் மிதித்ததைத் தெரிவிக்கும் சுவிட்சின் சமிக்ஞை பின்னால் உள்ள பிரேக் விளக்குக்கும் போகிறது, மாட்யூலுக்கும் போகிறது. அந்த இணைப்பில் ஷார்ட் ஆகியிருந்தால் பியூஸ் போயிருக்க வேண்டும், ஒயர் கருகியிருக்க வேண்டும், ஸ்கேனரில் அதற்குரிய பிழைக் குறியீடு பதிவாகியிருக்க வேண்டும். இவை எதுவுமே இல்லாமல், மாட்யூலின் சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கும்போது ஊசிகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால், தண்ணீரோ கடற்கரை ஈரக்காற்றோ உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். அது சீல் சரியில்லாத உற்பத்திக் குறைபாடு என்று சொல்ல உங்களுக்கு நல்ல அடிப்படையாகும். ஆகவே இரண்டு முறையும் எடுத்த ஸ்கேன் அறிக்கைகளின் பிரதியை எழுத்து மூலமாகக் கேளுங்கள். சாக்கெட்டையும் நீங்கள் எடுத்த இணைப்பையும், வண்டி எண் தெரியும்படி, உங்கள் முன்னிலையில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய மாட்யூலை எந்த நிலையிலும் அவர்களிடம் விட்டுவிடாதீர்கள். எக்ஸ்சேஞ்ச் என்று விலையைக் குறைக்காமல் முழு விலையையும் உங்களிடம் வாங்கினால், கழற்றிய பாகம் உங்களுடையது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 38-ஆம் பிரிவின்படி, பரிசோதனை இல்லாமல் குறையைக் கண்டறிய முடியாது என்றால் ஆணையம் பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி, 45 நாட்களுக்குள் அறிக்கை கேட்கலாம். அனுப்புவதற்குப் பொருளே இல்லையென்றால் அந்த வழி அடைபட்டுப் போகும். குறை இருந்தது என்று முதலில் காட்டும் பொறுப்பு புகார் கொடுப்பவர் மீதுதான் விழும் என்பதால், இதை வலியுறுத்திச் சொல்கிறேன். முடிந்தால், மாட்யூலைக் கழற்றுவதற்கு முன்பே ஆட்டோமொபைல் பொறியாளர் ஒருவரை அழைத்துப் போய்ப் பார்வையிட்டு, கையெழுத்திட்ட அறிக்கை வாங்குங்கள்.

உங்கள் பக்கம் இன்னொரு வலுவான சான்றும் இருக்கக்கூடும். கொக்கி பொருத்திய பிறகு அதே சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டு போயிருக்கிறீர்கள். முதல் முறை ஏ.பி.எஸ். விளக்கை அணைத்துக் கொடுத்தபோதும் கொக்கி அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அன்றைய ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது தரும் வேலைச் சீட்டு) அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதவர்கள், செலவு பெரிதானதும் அதையே காரணமாகக் காட்டுவது ஆணையத்தின் கண்ணில் படாமல் போகாது. எல்லா ஜாப் கார்டுகளையும் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள்.

தொழிலுக்கு வாங்கிய வண்டி, நீங்கள் நுகர்வோரே அல்ல என்ற ஆட்சேபம் அநேகமாக வரும். சட்டத்தின் 2(7)-ஆம் பிரிவு வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை விலக்கினாலும், சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கிப் பயன்படுத்துபவரை விலக்கவில்லை. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்டிரியல் இன்ஸ்டிடியூட் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம், தானே ஓட்டுவதற்காக லாரி வாங்குபவர் நுகர்வோரே என்றும், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் மட்டும் அந்தத் தகுதி போய்விடாது என்றும் விளக்கியது. நீங்களே ஓட்டுகிறீர்கள், வேறு வருமானம் இல்லை என்பதைப் புகார் மனுவிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். அது விடுபட்டால் பிறகு சேர்ப்பது சிரமம்.

ஷோரூம் புதுச்சேரியில் இருப்பதால் அங்கே அலைய வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்க 34-ஆம் பிரிவு இடம் தருவதால், கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். வண்டி விலை ரூ.5 லட்சத்துக்கு மேல், ரூ.10 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் ரூ.200 மட்டுமே. டீலரை மட்டுமன்றித் தயாரிப்பு நிறுவனத்தையும் எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டும். வாரண்டி கொடுத்தது அந்த நிறுவனம், விட்டுவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிக்க வழியாகிவிடும். அதற்கு முன் இருவருக்கும் டெலிவரிச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் 15 நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்துவிடலாம்.

வண்டியைப் பிடித்து வைத்திருப்பதைப் பொறுத்தவரை, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு, செய்து முடித்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமையைப் பணிமனைக்குத் தருகிறது. இன்னும் செய்யாத வேலைக்கு ரூ.58,000 கட்டினால்தான் வண்டி என்று சொல்ல அந்தப் பிரிவு துணை நிற்காது. பரிசோதனைக் கட்டணம் இருந்தால் அதை மட்டும் கட்டி, வண்டியைக் கேட்டு எழுதிக் கொடுங்கள். நாள் வாடகை பற்றி நீங்கள் கையெழுத்திட்ட ஜாப் கார்டில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பிழைப்பு நின்றுபோகிறது, மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், ரசீதிலும் அவர்களுக்கு அனுப்பும் கடிதத்திலும் 'என் ஆட்சேபத்துடன், என் உரிமைகளுக்குப் பாதகமின்றிச் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கட்டுங்கள். அந்தத் தொகையைத் திரும்பக் கேட்பதோடு, கைநழுவிய மாசி மகத் திருவிழா வேலைகளுக்கான இழப்பையும் கேட்கலாம். முன்பதிவு நோட்டு, திருப்பிக் கொடுத்த அட்வான்ஸ், மாற்று வண்டிக்குக் கொடுத்த வாடகை ஆகியவற்றின் ஆதாரம் இருந்தால்தான் அந்தக் கோரிக்கை நிற்கும்.

பழுதை அப்படியே வைத்துக்கொண்டு வண்டியை எடுத்து வந்து ஓட்டும் எண்ணம் மட்டும் வேண்டாம். இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டு வாருங்கள். தெரிந்தே ஆபத்தான குறையுள்ள வாகனத்தை ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின்படி குற்றம். அதனால் விபத்து நேர்ந்து யாருக்காவது காயம் பட்டால் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம். பின்னால் ஜெனரேட்டரின் பாரமும் இருக்க, பிரேக் சரியில்லாத வண்டியில் நீங்களும் அந்தப் பையனும் போவதை நினைக்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது.

டிரெய்லர் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள் டிரெய்லரும் அடங்குவதால், அதற்கும் தனிப் பதிவு தேவை. உங்கள் டிரெய்லர் பதிவாகாமல் இருந்தால், நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே கடலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதற்கான விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். மாட்யூல் பழுதுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றாலும், எதிர்தரப்பு வழக்கறிஞர் முதல் நாளே எழுப்பும் கேள்வி அதுவாக இருக்கலாம். புகார் கொடுக்க, வாரண்டியை மறுத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. அந்த மறுப்பு வாய்மொழியாக மட்டும் இருந்தால், இந்த வாரமே அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.