பல்கலைக்கழக நூலகத்தில் பயிற்சியாளரின் ஒரு நாள்: கேள்வி பதில்

நூலக அறிவியல் முடித்துவிட்டுப் பல்கலைக்கழக நூலகங்களில் பயிற்சிக்குச் சேர்பவர்கள் கேட்டவை இவை. தமிழ்நாட்டில் பரவலாக உள்ள ஏற்பாட்டை வைத்தே பதில் சொல்கிறேன்: நூல்களுக்குப் பொருள்வாரியாகத் தசம எண் கொடுக்கும் டியூயி வகைப்பாடு, நூலக நிர்வாகத்துக்கான கோஹா மென்பொருள், வாசகரே தட்டுக்குப் போய் எடுக்கும் திறந்த முறை.

வணக்கம் சார். அடுத்த வாரம் சேர்கிறேன். காலையிலிருந்து மாலைவரை என்ன வேலை இருக்கும்?

கதவு திறப்பதற்குள் நாளிதழ்களுக்கு முத்திரை போட்டு மேசையில் வைக்க வேண்டும். அடுத்து, திருப்பிப் போடும் பெட்டியில் விழுந்திருப்பவற்றைச் செக்-இன் செய்ய வேண்டும், அதாவது திரும்பி வந்ததாகக் கணினியில் பதிய வேண்டும். இங்கே அவசரம் கூடாது. ஸ்கேனர் 'பீப்' அடித்தால் மட்டும் போதாது, திரையில் தலைப்பு வந்ததா, அது கையில் உள்ள புத்தகம்தானா என்று பாருங்கள். பதிவாகாமல் தட்டுக்குப் போன புத்தகம் மாணவர் கணக்கிலேயே நிற்கும். கடைசி செமஸ்டரில் 'நோ டியூஸ்' (பாக்கி இல்லை என்ற சான்று) கேட்டு அவர் வரும்போதுதான் தெரியவரும். முன்பதிவு அறிவிப்பு திரையில் வந்தால் நிறுத்தி, உறுதிசெய்து, சீட்டைச் செருகிக் கவுன்ட்டருக்குப் பின்னால் வையுங்கள். 'இக்னோர்' அழுத்தினால் புத்தகம் தட்டுக்குப் போய்விடும். கேட்டவர் காத்துக்கொண்டே இருப்பார்.

பிறகு தள்ளுவண்டியில் எண் வரிசைப்படி அடுக்கித் தட்டில் சேர்ப்பது. அத்துடன் உங்களுக்கு ஒதுக்கிய ரேக்குகளில் வரிசை சரிபார்ப்பது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் செய்தால் கண் பிழைவிடும்.

பிற்பகலில் பெரும்பாலும் புதுப் புத்தக வேலை. பில்லோடு ஒப்பிட்டு, பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள்: பக்கம் விடுபட்டது, தலைகீழாகத் தைத்தது எல்லாம் இப்போதே தெரிய வேண்டும். முத்திரை குத்திய புத்தகத்தை விற்பனையாளர் மாற்றித் தரமாட்டார். அதன் பிறகே அக்செஷன் எண் (நூலக இருப்புப் பதிவு எண்), முத்திரை, பார்கோடு, டியூ ஸ்லிப் (திருப்பித் தரும் தேதிச் சீட்டு). புத்தக முதுகில் ஒட்டும் ஸ்பைன் லேபிள் அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே, எல்லாப் புத்தகத்திலும் ஒரே உயரத்தில் இருக்கட்டும்.

தசம எண்களை அடுக்குவதில் குழப்பம். 621.3815 எங்கே வரும்?

621.381க்கும் 621.382க்கும் நடுவில். புள்ளிக்குப் பின்னால் வருவதை முழு எண்ணாகப் படிக்காதீர்கள். ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். '3815 பெரிய எண்' என்று நினைத்து 621.39க்கு அப்பால் வைப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது. எண் ஒன்றாக இருந்தால் அதன் கீழே உள்ள ஆசிரியர் குறியைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் தட்டில் வைக்காதீர்கள், வண்டியிலேயே விடுங்கள். இடம் மாறி வைத்த புத்தகம் தொலைந்த புத்தகம்.

உதவித்தொகை எவ்வளவு சார்?

நியமன அறிவிப்பில் இருக்கும். அதைப் பாருங்கள்.

தமிழ்ப் புத்தகங்களைக் கோஹாவில் ஆங்கில எழுத்தில் ஏற்றச் சொல்கிறார்கள். தட்டச்சு வேகமாக முடிகிறது. சரிதானே?

சரியில்லை. தமிழில் 'திருக்குறள்' ஒன்றுதான். ரோமன் எழுத்தில் தொடக்கத்தில் 'எச்' சேர்ப்பார் ஒருவர், விடுவார் ஒருவர். 'க்' ஒற்றை இரட்டிப்பார் ஒருவர், இரட்டிக்க மாட்டார் இன்னொருவர். அதற்குள் நான்கு வடிவம் ஆகிவிட்டது. தேடுபவர் ஐந்தாவதைத் தட்டுவார், 'இல்லை' என்று வரும், போய்விடுவார். புத்தகமோ தமிழ் இலக்கியத்துக்கான 894.811இல் நின்றுகொண்டிருக்கும். பதிவில் தலைப்புக்கான 245ஆம் புலத்தில் தமிழில் கொடுங்கள். ரோமன் வடிவம் வேண்டுமென்றால் மாற்றுத் தலைப்புக்கான 246இல் கூடுதலாகச் சேருங்கள்.

(இன்னொருவர்) லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பதிவுகளே ரோமனில்தானே வருகின்றன? பிற நூலகப் பதிவுகளைத் தேடி எடுக்க உதவும் இசட் 39.50 வழியாக இறக்கினால் அப்படித்தான் கிடைக்கிறது.

அவர்கள் ஓர் எழுத்துப்பெயர்ப்பு அட்டவணையை வைத்துக்கொண்டு, மேற்புள்ளி, கீழ்க்கோடு எல்லாம் போட்டு, எந்தத் தலைப்பையும் ஒரே விதியில் எழுதுகிறார்கள். நம் கவுன்ட்டர்களில் நடப்பது காதில் விழுந்தபடி தட்டுவது. அந்தப் பதிவை இறக்குங்கள், பொருள் தலைப்பும் வகைப்பாட்டு எண்ணும் பயன்படும். ஆனால் தலைப்பையும் ஆசிரியரையும் தமிழில் சேர்த்த பிறகே சேமியுங்கள்.

(அதே நபர்) தமிழில் ஏற்றினாலும் தேடினால் வருவதில்லையே, சார்? பௌத்தம் பற்றிய நூல்கள் பாதிதான் கிடைக்கின்றன.

நல்ல உதாரணம் கொடுத்தீர்கள். குறை தமிழில் இல்லை, தட்டச்சில் இருக்கிறது. 'பௌத்தம்' என்பதில் 'பௌ' ஒரே எழுத்து. பலர் 'பெ' தட்டி அதன் பக்கத்தில் 'ள' தட்டுகிறார்கள்: 'பெளத்தம்'. கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். மௌனம், கௌரவம், சௌராட்டிரம் எல்லாவற்றிலும் இதே கதை. இரண்டு வடிவத்தையும் தேடி, வந்த பட்டியல்களை ஒப்பிட்டுத் தவறானவற்றைத் திருத்துங்கள். ஒரு பிற்பகலில் நிறைய மீட்கலாம்.

இன்னொன்று: கோஹாவின் ஜீப்ரா தேடுபொறி, யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியூ முறையில் அமைந்திருக்கிறதா என்று கணினிப் பிரிவில் கேளுங்கள். இல்லையென்றால் தமிழ்த் தேடல் தடுமாறும். அகரவரிசையும் தானாக வராது. யூனிகோடு அட்டவணையில் 'ன' எழுத்து 'ந'வுக்கு அடுத்து இருக்கிறது. நம் வரிசையில் அதுதான் கடைசி மெய். இதையெல்லாம் சரிசெய்ய முடியும். ரோமனில் ஏற்றிய ஆயிரக்கணக்கான பதிவுகளைப் பின்னால் தமிழாக்குவதுதான் பெரும்பாடு. வேகம் என்று சொல்லி அந்தப் பாரத்தை அடுத்து வருபவர் தலையில் கட்டாதீர்கள்.

கிழிந்த பக்கத்துக்கு செல்லோ டேப் ஒட்டலாமா?

கூடாது. பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கும், டேப் உதிர்ந்த பிறகும் கறை நிற்கும். கிழிந்த துண்டை உறையில் போட்டுப் புத்தகத்தோடு பைண்டிங் பிரிவுக்கு அனுப்புங்கள். முதுகு பிய்வதற்குக் காரணமும் நாம்தான்: ரேக்கை இறுக அடைக்கிறோம், வாசகர் மேல் விளிம்பில் விரல் கொக்கி போட்டு இழுக்கிறார். கொஞ்சம் இடம் விட்டு அடுக்குங்கள். எடுக்கும்போது இரு பக்கத்துப் புத்தகங்களையும் உள்ளே தள்ளிவிட்டு நடுவில் பிடித்து எடுங்கள். உயரம் பற்றாத தட்டில் முதுகு கீழே இருக்கும்படி வையுங்கள். பக்கங்களின் ஓரம் கீழே இருந்தால் எடை தாங்காமல் உள்ளடக்கம் அட்டையிலிருந்து பிய்ந்துவிடும்.

இருப்புச் சரிபார்ப்பில் புத்தகம் குறைந்தால் பயிற்சியாளர் பணம் கட்ட வேண்டுமா?

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215 பாருங்கள்: ஓராண்டில் வழங்கிய, வாசிக்கப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து வரை இழப்பு ஏற்கத்தக்கது, நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதவரை. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரணை உண்டு. மாநிலப் பல்கலைக்கழகங்களில் அந்தந்த நிறுவன விதி.

பயிற்சி முடிந்தால் வேலை நிரந்தரமாகுமா? உதவித்தொகை எப்போது வரும்?

இரண்டுக்கும் முன்பே சொன்ன பதில்தான்: அறிவிப்பு.

செல்லோ டேப் இல்லாமல் ஃபெவிகால்?

மேலே படியுங்கள். பைண்டிங் பிரிவு.

ஓபேக்கில் (வாசகர் தேடும் கணினிப் பட்டியலில்) 'இருக்கிறது' என்று வருகிறது, தட்டில் இல்லை. எங்கே தேடுவது?

முதலில் அதே தட்டில் இரு பக்கமும், புத்தகங்களுக்குப் பின்னால் விழுந்திருக்கிறதா என்று. அடுத்து மேல்தட்டு, கீழ்த்தட்டு. பிறகு இலக்கம் மாறிய இடங்கள்: 515.35 இல்லையென்றால் 515.53 பாருங்கள். அப்புறம் தள்ளுவண்டி, வாசிப்பு மேசை, நகலெடுக்கும் இடம், பைண்டிங் பிரிவு, முன்பதிவுத் தட்டு. பரீட்சை நேரமென்றால் வேறு துறை ரேக்குகளையும் பாருங்கள். மாணவர் தமக்காக ஒளித்து வைத்திருப்பார். எங்கும் இல்லையென்றால் கோஹாவில் 'காணவில்லை' என்று மாற்றிவிட்டு, கேட்டவரிடம் வேறு படி அல்லது வேறு பதிப்பு கொடுங்கள். நிலையை மாற்றாமல் விட்டால் நாளை வருபவரும் அதே தட்டில் தேடுவார்.