கவுன்டர் பெண் சொன்னதைக் கேட்டீர்களா?

கேள்வி: எங்கள் பகுதியில் பல கிளைகள் கொண்ட ஒரு பெரிய மளிகைக் கடையின் ஊழியர்கள், சம்பள உயர்வு கேட்டும் ஷிஃப்ட் நேரத்தை முன்கூட்டியே சொல்லக் கேட்டும் போராடுகிறார்கள். அவர்களுக்கு ஆதரவாக அங்கே யாரும் சாமான் வாங்கக் கூடாது என்று எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் முடிவெடுத்தோம். குழுவின் பொறுப்பாளர்களில் நானும் ஒருத்தி. நான் வேலைக்குப் போவதால் வீட்டுக்குச் சாமான் வாங்குவது என் மாமியார்தான். அவர் எங்களுக்குத் தெரியாமல் அதே கடைக்குப் போய்வருவதைப் பையில் கிடந்த பில்லைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கேட்டால், கவுன்டரில் இருக்கும் பெண், "நீங்களாவது வாங்கம்மா, வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வேலை தர்றாங்க" என்று சொன்னாளாம். வயதானவர், யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். ஆத்திரத்தில் "எங்க வீட்டுலயே ஒரு கருங்காலி" என்று குழுவில் எழுதிவிட்டேன். அன்றிலிருந்து கணவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மாமியாரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

மாமியாரை வழிக்குக் கொண்டுவர யோசனை கேட்டு வரும் கடிதங்களுக்கு என் மேஜையில் பஞ்சமில்லை. காரணம்தான் அவ்வப்போது மாறும். உங்கள் கடிதத்தில் காரணம் ஒரு நல்ல காரியம். நல்ல காரியம் செய்கிறவர்களுக்குத்தான் அடுத்தவர் பேச்சு காதில் விழுவதில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது ஒரே ஒரு வரிதான். "வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வேலை தர்றாங்க." யாருக்காக நீங்கள் கடையைப் புறக்கணிக்கிறீர்களோ, அந்தக் கூட்டத்தில் ஒருத்தி வாய் திறந்து சொன்ன ஒரே வாக்கியம் அது. உங்கள் கடிதம் முழுக்கத் தேடிப்பார்த்தேன், ஊழியர் பேசும் இடம் வேறெங்கும் இல்லை. அதையும் "சொன்னாளாம்" என்று ஒரு "ஆம்" போட்டு ஒதுக்கிவிட்டு, மாமியாரின் வயதைப் பற்றி எழுதப் போய்விட்டீர்கள்.

கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். கடையில் வாங்க வேண்டாம் என்று உங்களிடம் சொன்னது யார்? ஊழியர் சங்கமா? அவர்களுக்குச் சங்கம் என்று ஒன்று இருக்கிறதா? வாசலில் நின்று நோட்டீஸ் கொடுத்தார்களா? நீங்கள் எழுதியிருப்பது "குழுவில் முடிவெடுத்தோம்" என்று. அந்தக் குழுவில் அந்தக் கடையில் வேலை செய்கிறவர் ஒருவராவது உண்டா? இருந்திருந்தால் அதை முதல் வரியிலேயே எழுதியிருப்பீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஏன் இரண்டு நாள் வேலை என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். இந்த மாதிரிச் சங்கிலிக் கடைகளில் விற்பனையைப் பார்த்துத்தான் ஆட்களுக்கு வேலை நேரம் ஒதுக்குவார்கள். விற்பனை இறங்கினால் முதலாளியின் வீட்டில் அடுப்பு அணைவதில்லை. முதலில் கைவைப்பது பகுதி நேர ஊழியர்களின் ஷிஃப்ட்டில். நிரந்தர ஊழியரை நிறுத்தினால் கேள்வி வரும். பகுதி நேரக்காரருக்கு அடுத்த வார அட்டவணையில் பெயர் குறைந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆக, நீங்கள் கடைக்குப் போகாத ஒவ்வொரு வாரமும் அந்தப் பெண்ணின் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கழிகிறது. அதற்காகப் புறக்கணிப்பே தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த நஷ்டத்தைத் தாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்கள். அவர்கள் சார்பில் நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

ஜெயித்த ஒரு போராட்டத்தைச் சொல்கிறேன். 2014ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் ஆகிய மாநிலங்களில் 71 கடைகள் வைத்திருந்த மார்க்கெட் பாஸ்கெட் என்ற நிறுவனத்தில் நடந்தது. ஆர்தர் டி. டெமுலாஸ் என்பவர் தலைவராக இருந்தார், ஊழியர்களுக்குப் பிடித்தமானவர். பங்குகளில் பாதிக்குச் சற்று மேல் வைத்திருந்தது அவருடைய பெரியப்பா சித்தப்பா வழிப் பங்காளிகளின் தரப்பு. அந்தத் தரப்பின் முக்கியமான ஆளுக்கும் ஆர்தர் என்றுதான் பெயர், இருவரும் ஒரே தாத்தாவின் பேரன்கள். ஜூன் மாதம் நிர்வாகக் குழு ஆர்தர் டி.யை வெளியேற்றியது. (பங்காளிச் சண்டையில் சுமார் 25,000 பேரின் பிழைப்பு ஆடியது. குடும்பத்துக்குள் பேசித் தீர்க்கத் தெரியாதவர்களால் ஊருக்கு வரும் கேடு இது என்று நான் எப்போதும் சொல்வேன். அது வேறு கதை.)

அங்கே ஊழியர்களுக்குச் சங்கம் கிடையாது. ஆனாலும் ஆர்தர் டி.யைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி முதலில் இறங்கியவர்கள் ஊழியர்கள்தான். கிடங்கில் இருந்தவர்களும் லாரி ஓட்டுநர்களும் வேலையை நிறுத்தினார்கள், சீக்கிரமே கடைகளில் அலமாரிகள் காலியாயின. தலைமை அலுவலக ஊழியர்களும் கிளை மேலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். வாடிக்கையாளர்களிடம் "இங்கே வாங்காதீர்கள்" என்று கேட்டுக்கொண்டதும் அவர்களேதான். அதன்பிறகுதான் ஜனங்கள் வேறு கடைக்குப் போனார்கள். போனவர்கள் சும்மா இருக்கவில்லை. அங்கே வாங்கிய பில்லைக் கொண்டுவந்து மார்க்கெட் பாஸ்கெட் கடையின் கண்ணாடியில் ஒட்டினார்கள். பல கடைகளின் முகப்பில் போட்டிக் கடைகளின் பில்கள் வரிசையாகத் தொங்கின. உனக்கு வர வேண்டிய பணம் இன்னாருக்குப் போயிற்று, காரணம் இது என்று முதலாளிக்கு எழுதிக் காட்டுவது அது. பகுதி நேர ஊழியர்களுக்கு அப்போதும் வேலை நேரம் வெட்டப்பட்டது, கஷ்டப்பட்டார்கள். ஆனால் எதற்காகக் கஷ்டப்படுகிறோம், எது கிடைத்தால் நிறுத்துவோம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஆர்தர் டி. தரப்பு, எதிர்த்தரப்பின் 50.5 சதவீதப் பங்கை 150 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்க ஒப்பந்தம் ஆயிற்று. மறுநாளே ஆட்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

உங்கள் குழு இதில் எதைச் செய்தது? கடை நிர்வாகத்துக்கு ஒரு கடிதமாவது போட்டீர்களா? இத்தனை வீடுகள் இந்தக் காரணத்துக்காக உங்களிடம் வாங்குவதில்லை என்று சொன்னீர்களா? சொல்லாவிட்டால், விற்பனை குறைந்ததற்கு மழை, விலைவாசி, எதிர்க்கடை என்று அவர்கள் ஆயிரம் காரணம் எழுதிக்கொள்வார்கள். கோரிக்கை நிறைவேறியதா இல்லையா என்று யார் வந்து உங்களுக்குச் சொல்வார்கள்? எந்த நாளில் இதை முடித்துக்கொள்வதாக உத்தேசம்?

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஊரே அவர்கள் பக்கம் நின்றது. வேலைநிறுத்தத்துக்கு எதிராகப் பேசிய ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதியில் கத்தியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார் என்பார்கள். எல்லோரும் அந்தப் பாதிச் சவரத்தைச் சொல்லிச் சிரிப்பார்கள். அதே நாட்களில் வ.உ.சி. வேலையில்லாமல் நின்ற தொழிலாளர்களின் சாப்பாட்டுக்குப் பணம் திரட்டியதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. உங்கள் குழுவில் ஒரு உண்டியல் உண்டா அம்மா?

இனி வீட்டு விஷயம். கடைக்குப் போகக் கூடாது என்று முடிவெடுத்தவர் நீங்கள். கடைக்குப் போகிறவர் உங்கள் அத்தை. முடிவெடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. வேறு கடை எவ்வளவு தூரம், சுமையை யார் தூக்குவது என்பதும் இல்லை. வீட்டில் மூத்தவர் ஒருவர் ஒரு பொறுப்பைச் செய்துகொண்டிருந்தால், அந்தப் பொறுப்பைப் பற்றிய முடிவில் முதல் சொல் அவருடையது. இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. மருமகள் சம்பாதிக்கிறாள் என்பதால் அது மாறாது, அவள் பின்னால் ஒரு நல்ல கொள்கை நிற்கிறது என்பதாலும் மாறாது.

அந்தக் கடையோடு உங்களுக்கு என்ன உறவு, அவருக்கு என்ன உறவு? நீங்கள் வாட்ஸ்அப் குழுவில் முடிவெடுத்தீர்கள். அவர் அந்தப் பெண்ணின் எதிரே நின்று, பையில் சாமான் போடும் நேரத்தில் பேச்சுக் கொடுத்து, அவளுக்கு எத்தனை நாள் வேலை என்று தெரிந்துகொண்டு வந்திருக்கிறார். உங்கள் குழு முழுக்கச் சேர்ந்து சேகரிக்காத செய்தி அது. அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவருக்கு நீங்கள் கொடுத்த பட்டம் கருங்காலி. அதையும் அடுக்களையில் வைத்துச் சொல்லவில்லை, ஊர் படிக்கும் இடத்தில் எழுதினீர்கள். உங்கள் கணவர் முகம் கொடுத்துப் பேசாததில் எனக்கு ஆச்சரியமில்லை. தாயை இப்படி எழுதியதைப் படித்த பிறகும் சிரித்துப் பேசியிருந்தால்தான் அவரைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பேன்.

அத்தை ஒளித்துப் போனது சரியா என்று கேட்பீர்கள். சரியில்லை. நேரே சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் கேட்கிற வீடாக அது அவருக்குத் தெரிந்திருந்தால் ஒளித்திருக்க மாட்டார்.

ஒன்றை மட்டும் உங்கள் பக்கம் ஒப்புக்கொள்கிறேன். ஒரு பெண் சொன்னதே எல்லா ஊழியரின் குரலும் ஆகிவிடாது. கவுன்டரில் நின்றுகொண்டு, தலைக்கு மேல் கேமராவும் பக்கத்தில் சூப்பர்வைசரும் இருக்கும்போது ஒருத்தி என்ன சொல்ல முடியும்? "வாங்கம்மா" என்றுதான் சொல்ல முடியும். அவளுடைய நிஜமான எண்ணம் வேறாகவும் இருக்கலாம். அதனால் கவுன்டரில் போய் அவளை விசாரணை செய்து மாட்டிவிடாதீர்கள். ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது, கடைக்குத் தள்ளி ஓர் இடத்தில் கேளுங்கள். நீங்கள் தனியாகப் போனால் அவள் பேச மாட்டாள், உங்களைத் தெரியாது. அத்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள். கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்வதே தப்பு, அவர் பின்னால் நீங்கள் போங்கள்.

போராட்டத்தை முன்னின்று நடத்துபவர்கள் யார், வாங்க வேண்டாம் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்களா, எது வரைக்கும், வேலை நேரம் போனவர்களுக்கு ஏதாவது உதவி நிதி இருக்கிறதா, இவ்வளவுதான் கேட்க வேண்டியது. "ஆமாம், நாங்கள்தான் கேட்டோம், கஷ்டம் தெரிந்துதான் கேட்டோம்" என்று அவர்கள் சொன்னால், உங்கள் அத்தை அன்றைக்கே அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திவிடுவார், நான் எழுதித் தருகிறேன். பிறகு வேறு கடையின் பில்லையும் உதவி நிதிக்கு ஒரு தொகையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய் நிற்கலாம். "இல்லை, எங்களைக் கேட்காமல் நீங்களாகச் செய்தது" என்று சொன்னால், அதைக் குழுவில் அறிவிக்கும் வேலை உங்களுடையது. கஷ்டமாகத்தான் இருக்கும். பொறுப்பாளர் என்று பெயர் போட்டுக்கொண்டீர்களே.

அதற்கு முன்னால், "கருங்காலி" என்று எழுதிய அந்தப் பதிவை நீக்குங்கள். வெறுமனே நீக்கினால் போதாது, எல்லோரும் படித்தாயிற்று. அத்தையிடம் வீட்டில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதே குழுவில், அதே ஆட்கள் படிக்கும்படி, அவர் என்ன கேட்டு வந்தார் என்பதை எழுதுங்கள். கணவரிடம் தனியாகச் சமாதானம் பேசப் போக வேண்டாம். அவரும் அந்தக் குழுவில்தானே இருக்கிறார்.