எது மின்னும், எது நிற்கும்? சிந்தெடிக் கார் பாலிஷ் கேள்வி பதில்

கார் பெயின்டைத் தேய்ப்பதும் பூசுவதும்தான் பல வருடமாக என் வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். "எது பெஸ்ட்?" என்று மட்டும் மொட்டையாகக் கேட்காதீர்கள்.

கே: பாலிஷ், வாக்ஸ், சீலண்ட் மூன்றும் ஒன்றுதானே? எல்லா பாட்டிலிலும் பாலிஷ் என்றே போட்டிருக்கிறார்கள்.

ப: குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. பாலிஷ் என்பது தேய்த்து எடுக்கும் சமாச்சாரம். அதில் பொடிப்பொடியான உராய்பொருள் இருக்கும். பெயின்டின் மேலே இருக்கும் கிளியர் கோட்டைக் கொஞ்சம் சீவி மட்டமாக்கும். வாக்ஸும் சீலண்டும் எதையும் எடுப்பதில்லை, மேலே ஒரு படலத்தை விட்டுச் செல்பவை. இயற்கை மெழுகில் செய்தால் வாக்ஸ், சிலிக்கோன், அக்ரிலிக் மாதிரியான பாலிமரில் செய்தால் சீலண்ட். கடையில் "சிந்தெடிக் பாலிஷ்" என்று விற்பதில் பாதி வெறும் சீலண்ட். மீதி, உராய்பொருளும் பாலிமரும் கலந்த இரண்டும்கெட்டான். பாட்டிலைத் திறந்து இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது சீவும். வழுவழுவென்று இருந்தால் மட்டும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். மிக நைசான உராய்பொருள் விரலுக்குத் தெரியாது, லேபிளையும் படியுங்கள்.

கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான். தலைமுடியைவிட மெல்லியது. சீவும் பாலிஷை மாதாமாதம் போடுகிறவர் தன் பெயின்டைத் தானே தின்றுகொண்டிருக்கிறார்.

கே: அண்ணா, எது பெஸ்ட்?

ப: முதல் பத்தியைப் படிக்கவில்லை போல.

கே: என்னுடையது கறுப்பு கார். நல்ல சிந்தெடிக் சீலண்ட் போட்டேன். நிழலில் கண்ணாடி மாதிரி இருக்கிறது. வெயிலில் நிறுத்தினால் சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல். பாலிஷ்தான் கீறியதா?

ப: இல்லை. கீறல் ஏற்கெனவே இருந்தது. கண்டபடி எல்லாத் திசையிலும் ஓடும் நுண்கீறல்கள் அவை. விளக்கைச் சுற்றி எது குறுக்காகப் படுத்திருக்கிறதோ அது மட்டும் ஒளியை உங்கள் கண்ணுக்குத் திருப்பும். அதனால் வட்டம் போலத் தெரிகிறது. நீங்கள் தலையை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும், பாருங்கள்.

அழுக்குத் துணியால் துடைத்தது, தூசியோடு உலர் துணி போட்டது, இதிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. சீலண்ட் அதைப் போக்காது. எண்ணெய்ப் பசையும் நிரப்பியும் அதிகமுள்ள சரக்கு கொஞ்ச நாளைக்கு மறைக்கும், நான்கு கழுவலில் பழைய குருடி கதவைத் திறடி. முதலில் நன்றாகக் கழுவி, கிளே பார் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) ஓட்டி, மெல்லிய பாலிஷால் ஒரு தடவை மட்டமாக்கி, அதன் பிறகு சீலண்ட் போடுங்கள். அப்புறம் ஒன்று: பானட் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்றைக்கு வேலையே வேண்டாம். சரக்கு காய்ந்து ஒட்டிக்கொள்ளும், அதைத் துடைத்தெடுக்கும் வேகத்தில் புதுக் கீறல் விழும்.

கே: லேபிளில் ஒரு வருடம் என்கிறார்கள். நான் போட்டு ஆறு மாதமாகிறது. இன்றைக்கும் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. பாதுகாப்பு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ப: அப்படிச் சொல்ல முடியாது. முத்து நிற்பது மேற்பரப்பு தண்ணீரை ஒட்டவிடவில்லை என்பதை மட்டும் சொல்கிறது. உங்கள் ஷாம்பூவில் வாக்ஸ் கலந்திருந்தால் அதுவே முத்து கட்டும். எந்த ஷாம்பூ?

கே (அதே நண்பர்): "வாஷ் அண்ட் வாக்ஸ்" என்று போட்டிருக்கிறது. ஆனால் முத்துக்குக் காரணம் சீலண்ட்தான், எனக்கு நிச்சயம்.

ப: ஷாம்பூவே பதில் சொல்லிவிட்டது. வாரம் ஒரு முறை புது மெழுகைத் தடவிவிட்டு ஆறு மாதப் பழைய சீலண்டுக்கு மாலை போடுகிறீர்கள். வாக்ஸ் கலக்காத ஷாம்பூவால் மூன்று, நான்கு முறை கழுவிவிட்டுச் சொல்லுங்கள்.

கே (இன்னொருவர்): முத்து நிற்பதே கெடுதல். உப்புத் தண்ணீர் துளித்துளியாகக் காய்ந்து வெள்ளை வளையம் விழுகிறது. ஒன்றும் போடாமல் விடுவதே மேல்.

ப: வளையம் உண்மை. கடினநீரில் இருக்கும் கால்சியம்தான் அது, அதிகம் முற்றாவிட்டால் நீர்த்த வினிகருக்குக் கரையும். ஆனால் அதற்கு மருந்து துவட்டுவது, வெறும் உடம்போடு விடுவதல்ல. தண்ணீர் முத்தாக நிற்காமல் தகடாக வழிந்தோடும்படி செய்த சீலண்டுகளும் உண்டு. தினம் வெளியில் நிற்கும் காருக்கு எனக்கு அதுதான் பிடிக்கும்.

முத்து நிற்காவிட்டாலும் சீலண்ட் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மேலே புகைப்படலமும் தூசியும் படிந்தாலே முத்து உடைந்துவிடும். கழுவினால் திரும்பும்.

ஒரு முறை இதே சண்டை எனக்கும் என் உதவியாளருக்கும் வந்தது. பழைய பானட் ஒன்றை மட்டமாகப் பாலிஷ் செய்து, எண்ணெய்ப் பசை போக ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து துடைத்து, மாஸ்கிங் டேப் ஒட்டி நான்கு பட்டையாகப் பிரித்தோம். ஒன்றில் கார்னோபா என்ற இயற்கை மெழுகில் செய்த வாக்ஸ், ஒன்றில் சுத்தமான சீலண்ட், ஒன்றில் அந்த இரண்டும்கெட்டான். நான்காவது பட்டையில் எதுவும் இல்லை. டேப்பை உரித்துவிட்டு, "எது எது, சொல்லு" என்றேன். டார்ச்சை அடித்து, குனிந்து, நிமிர்ந்து, கடைசியில் அவன் கை காட்டியது வெறும் பட்டையை! பளபளப்பு மட்டமான கிளியர் கோட்டிலிருந்து வருகிறது, பாட்டிலிலிருந்து வருவது கொஞ்சம்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஆனால் வித்தியாசம் பின்னால் வந்தது. இரண்டும்கெட்டான் ஒன்றரை மாதத்தில் கைவிட்டது, கார்னோபா அதற்குக் கொஞ்சம் மேல். சீலண்ட் நான்கு மாதம் தாண்டியும் நின்றது. பறவை எச்சம் விழுந்தபோது அந்தப் பட்டையில் துடைத்ததும் போனது. வெறும் பட்டையில் தடம் இன்னும் இருக்கிறது.

கே: ஆனால் கார்னோபாவின் ஆழமான மினுமினுப்பு சிந்தெடிக்கில் வராது, இல்லையா?

ப: கறுப்பிலும் அடர் சிவப்பிலும் ஒரு கதகதப்பு தெரியும் என்பார்கள். எனக்கும் சில நாள் தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை. வெள்ளையிலும் வெள்ளியிலும் யாருக்கும் தெரியாது. கார்னோபா பிரேசிலில் ஒரு பனை வகையின் இலையிலிருந்து வரும் மெழுகு, 82 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகும். கலவையில் எண்ணெயும் கரைப்பானும் சேர்வதால் வெயிலில் அதைவிடச் சீக்கிரம் இளகும். சீலண்ட் அந்த விஷயத்தில் கெட்டி. இரண்டும் வேண்டுமென்றால் சீலண்ட் கீழே, ஒரு நாள் காயவிட்டு வாக்ஸ் மேலே. தலைகீழாகப் போட்டால் சீலண்ட் மெழுகின் மேல் பிடிக்காது.

கே: டெஃப்லான் கலந்த பாலிஷ் நல்லதா?

ப: டெஃப்லான் உருகுவதே 327 டிகிரியில். வாணலியில் ஒட்டவைக்க அதற்கு மேல் சூடேற்றுகிறார்கள். உங்கள் காரை அந்தச் சூட்டில் வைத்தால் பாலிஷ் பற்றிக் கவலைப்பட கார் இருக்காது.

கே: "9எச்" என்று விற்கும் செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாதாமே?

ப: அந்த 9எச் பென்சில் சோதனையின் எண். 9எச் பென்சிலால் கீறமுடியவில்லை என்று மட்டும் அர்த்தம். மணல் பென்சில் அல்ல. செராமிக் ஒரு வருடம், அதற்கு மேலும் நிற்கும். ஆனால் அடியில் இருக்கும் கீறலையும் சேர்த்துப் பூட்டிவைக்கும். சொந்தமாகப் போட்டால், அரைகுறையாகத் துடைத்த இடம் கறையாக இறுகிவிடும், பிறகு பாலிஷ் போட்டுத்தான் எடுக்கணும். பொறுமையில்லாதவர்கள் சீலண்டோடு நில்லுங்கள்.

கே: பம்பர் புதிதாகப் பெயின்ட் அடித்தேன். உடனே சீலண்ட் போடலாமா?

ப: பெயின்டரைக் கேளுங்கள், அவர் அடித்த பெயின்டைப் பொறுத்தது. 30 முதல் 90 நாள் வரை விடச் சொல்வது வழக்கம், உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேற வேண்டும். இன்னொரு கோட் அடிக்கப் போகிறார் என்றால் சிலிக்கோன் உள்ள எதையும் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். புதுப் பெயின்ட் மீன் கண் மாதிரி பள்ளம் பள்ளமாக விலகும்.

கே: பளபளப்பில்லாத மேட் பெயின்ட்?

ப: பாலிஷ் தொடக்கூடாது. மேட்டுக்கென்று தனிச் சீலண்ட் இருக்கிறது.

கே: தடிமனாகப் பூசினால் அதிக நாள் வருமா?

ப: வராது. ஒட்டுவது அடிப்படலம் மட்டும், மிச்சம் உங்கள் துணிக்கு. பானட்டைத் தொட்டுப் பார்த்தீர்களா?

கே: சார், சுருக்கமாக, எது பெஸ்ட்?

ப: இப்போது இரண்டாவது ஆள். கழுவத் தெரிந்தவருக்கு எதுவும் பெஸ்ட், தெரியாதவருக்கு எதுவும் வேஸ்ட். சூடான பானட்டில் போடாதீர்கள்.

கே: எஞ்சினில் கடகடவென்று சத்தம் வருகிறது.

ப: மெக்கானிக்.

கே (முத்து நண்பர்): நீங்கள் சொன்னபடி வாக்ஸ் இல்லாத ஷாம்பூவில் நான்கு முறை கழுவினேன். கூரையில் முத்து நிற்கவில்லை. கதவில் மட்டும் இன்னும் நிற்கிறது!

ப: கூரை நாள் முழுக்க வெயில் வாங்குகிறது, கதவு வாங்குவதில்லை. கதவைப் பொறுத்தவரை நீங்கள் ஜெயித்தீர்கள். கூரைக்கு ஒரு கோட் போடுங்கள், சாயங்காலத்தில்.