கென்டக்கியின் எலியட் கவுண்டி 140 ஆண்டுகள் ஒரே கட்சிக்கு வாக்களித்தது ஏன்?

1869இல் உருவான எலியட் கவுண்டி, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியில் புகையிலைச் சாகுபடியை நம்பி வாழ்ந்த, ஏறத்தாழ 7,000 பேர் மட்டுமே வசிக்கும் சிற்றூர்ப் பகுதி (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு). 1872 முதல் 2012 வரை நடந்த 36 அதிபர் தேர்தல்களிலும் ஜனநாயகக் கட்சி வேட்பாளரே இங்கு முதலிடம் பெற்றார். 1972இல் குடியரசுக் கட்சியின் நிக்சன் 49 மாநிலங்களை வென்றபோதும் இம்மக்கள் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மெக்கவர்னையே ஆதரித்தனர் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

உள்நாட்டுப் போர்க்காலத்துக் கட்சிப்பற்று தலைமுறைகளாகத் தொடர்ந்ததோடு, 1930களில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் ரூஸ்வெல்ட் அரசு கொண்டுவந்த புகையிலை விலை ஆதரவுத் திட்டம் சிறு விவசாயிகளுக்கு நிலையான வருமானம் தந்து அந்தப் பற்றை உறுதிப்படுத்தியது. அத்திட்டத்தை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டம் 2004இல் நிறைவேறியது; கட்சியோடு இருந்த வாழ்வாதாரப் பிணைப்பு அப்போதே தளர்ந்துவிட்டது என்று கருதுகிறேன். நிலக்கரி, மதம், கருக்கலைப்பு, துப்பாக்கி உரிமை ஆகியவற்றில் தேசியக் கட்சி எடுத்த நிலைப்பாடுகளும் மக்களை விலகச் செய்தன.

2012இல் ஒபாமா மிகக் குறைந்த வேறுபாட்டில் வென்ற இதே இடத்தில், 2016இல் குடியரசுக் கட்சியின் டிரம்ப் சுமார் 70 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார். ஆயினும் 2019 ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஆண்டி பெஷியர் இங்கு வென்றார்.