மீகடத்தியே மின்தடையாக மாறுவது எப்படி?

கேள்வி: மின்தடையே இல்லாத பொருள் மீகடத்தி என்று படித்திருக்கிறோம். ஷார்ட் சர்க்யூட்டின்போது பாயும் பெரும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த அதையே பயன்படுத்துவது முரண் அல்லவா? பெரிய ஃபியூஸ் போதாதா?

பதில்: மீகடத்திக்கு மின்தடை இல்லை என்பது நிபந்தனைக்கு உட்பட்ட உண்மை. வெப்பநிலை, காந்தப்புலம், செல்லும் மின்னோட்டம் ஆகிய மூன்றில் எது வரம்பைத் தாண்டினாலும் அது மின்தடையுள்ள சாதாரணப் பொருளாகிவிடும். இட்ரியம், பேரியம், காப்பர் ஆக்சைடு சேர்ந்த மீகடத்திப் பூச்சுள்ள நாடாவை, ஏறத்தாழ மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் இருக்கும் திரவ நைட்ரஜனில் மூழ்கவைத்து மின்பாதையில் தொடராக இணைத்தால், வழக்கமான சுமைக்கு அது இருப்பதே தெரியாது; பழுது நேர்ந்து மின்னோட்டம் பல மடங்கு எகிறும்போதோ, சில மில்லிநொடிகளுக்குள் தானாகவே தடையாகி அதை அடக்கிவிடும். உணர்கருவியோ கட்டளையோ தேவையில்லை.

இந்த வேகம்தான் முக்கியம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுழற்சிக்கு 20 மில்லிநொடி ஆகிறது. சர்க்யூட் பிரேக்கர் திறக்க இரண்டு மூன்று சுழற்சிகளாவது வேண்டும். அதற்குள் முதல் உச்சம் கடந்துவிடும். கம்பிகளையும் டிரான்ஸ்பார்மர் சுருள்களையும் முறுக்கும் விசை மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், சேதம் பெரும்பாலும் அந்த முதல் உச்சத்திலேயே நேர்ந்துவிடும். ஃபியூஸ் வேகமானதுதான், ஆனால் ஒருமுறை உருகினால் ஆள் போய் மாற்ற வேண்டும். மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் கம்பிச் சுருளை (ரியாக்டர்) நிரந்தரமாக இணைத்தாலோ, பழுதில்லாத நாட்களிலும் அது மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கும்.

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 2014-இல் இயங்கத் தொடங்கிய 10 கிலோவோல்ட், 40 மெகாவோல்ட்-ஆம்பியர் திறனுள்ள, சுமார் ஒரு கிலோமீட்டர் நீள மீகடத்திக் கேபிளோடு இத்தகைய கட்டுப்படுத்தி ஒன்றும் தொடராக இணைக்கப்பட்டது. மாஸ்கோவில் 220 கிலோவோல்ட் துணை மின்நிலையம் ஒன்றிலும் ஒன்று நிறுவப்பட்டுள்ளது.

கேள்வி: அப்படியானால் எல்லா இடங்களிலும் ஏன் வைக்கவில்லை?

பதில்: விலையும் ஓயாத குளிரூட்டலும்தான் காரணம். பழுதின்போது சூடான நாடா மீண்டும் குளிரச் சில நொடிகள் முதல் சில நிமிடங்கள் வரை ஆகலாம். பிரேக்கரோ ஒரு நொடிக்குள்ளேயே மறுபடி இணைந்து பார்க்கும் பழக்கமுள்ளது. இதனால் சில அமைப்புகளில் நாடாவுக்கு இணையாகச் சாதாரணச் சுருளைப் போட்டு, பழுது மின்னோட்டத்தை அதன் வழியே திருப்பிவிடுகிறார்கள்.