நாய் கடித்த கோழிகள்: கண்ணுக்குத் தெரியாத காயத்தை முதலில் தேடுங்கள்

கேள்வி: ஐயா, நான் அக்கராயன் பகுதியில் வீட்டுத் தேவைக்காக ஊர்க்கோழிகள் வளர்க்கிறேன். நேற்றுமுன்தினம் விடியற்காலையில், அறுவடை முடிந்த வயலில் சிந்திய நெல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்த கோழிகளை இரண்டு கட்டாக்காலி நாய்கள் துரத்திக் கடித்தன. இரண்டு கோழிகள் செத்துவிட்டன. ஒரு பேட்டுக்கு முதுகுத்தோல் உள்ளங்கை அளவு கிழிந்துள்ளது. அதை நாயின் வாயிலிருந்து பறித்தபோது என் கையிலும் பல் சற்றுக் கீறிவிட்டது. சேவலுக்கு ஒரு கால் முறிந்துள்ளது. இன்னொரு பேட்டுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, தீன் தின்கிறது. முதுகுக் காயத்தில் கோப்பித்தூளும் மஞ்சளும் வைத்தேன். இன்று காயத்தைச் சுற்றித் தோல் பச்சையாகியிருக்கிறது. அழுகிவிட்டதா? இப்போதே அறுத்துவிடலாமா? இவற்றின் முட்டையைத் தின்றால் விசர் நோய் வரும் என்று அயலவர்கள் சொல்வது உண்மையா?

பதில்: அம்மா, கோழிகளுக்கு முன்னர் உங்கள் கையைப் பார்க்க வேண்டும். பல் கீறியதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் மிகவும் அவசரமான செய்தி அதுதான். கீறல் சிறிதாக இருந்தாலும், இரத்தம் நின்றிருந்தாலும், இரண்டு நாள் கடந்திருந்தாலும், இன்றே அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். விசர்நாய்க்கடிக்கான தடுப்பூசி அங்கே இலவசமாகப் போடப்படுகிறது. புறப்படுமுன் கீறலைச் சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அதில் மஞ்சளோ சுண்ணாம்போ பூச வேண்டாம். நாய்கள் யாருடையவை, இப்போது எங்கே திரிகின்றன என்பது தெரிந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

அயலவர்கள் சொல்வதைப் பொறுத்தவரையில், விசர் நோய் பாலூட்டிகளின் நோய். கோழியின் முட்டை வழியாக அது மனிதருக்கு வருவதில்லை. ஆனாலும் அப்போதுதான் கடிபட்ட கோழியின் இறகில் நாயின் எச்சில் ஈரமாக இருக்கும் என்பதால், இனி ஒருமுறை இப்படி நேர்ந்தால் கையுறை போட்டோ, அது இல்லாவிட்டால் கையில் பொலித்தீன் பையை மாட்டிக்கொண்டோ கோழியைத் தூக்குங்கள். செத்த கோழிகளைச் சமைக்கவும் வேண்டாம், வளவுக்கு வெளியே எறியவும் வேண்டாம். இரண்டு அடிக்குக் குறையாத ஆழத்தில் புதைத்து மேலே கல் வையுங்கள். மேலோட்டமாகப் புதைத்தால் அதைத் தோண்டுவதற்கே அந்த நாய்கள் திரும்பி வரும்.

மூன்று கோழிகளில் எனக்கு அதிகக் கவலை தருவது, ஒன்றுமில்லை என்று நீங்கள் எழுதியிருக்கும் பேடுதான். நாய் கோழியைக் கவ்வினால் கடித்துவிட்டு விடுவதில்லை, கவ்வியபடியே உதறும். அப்போது வேட்டைப்பல் நுழைந்த துளை பயற்றங்கொட்டை அளவே இருந்தாலும், உள்ளே தோல் தசையிலிருந்து பிரிந்து பை போலாகிவிடும். அந்தப் பைக்குள் எச்சிலும் கிருமியும் அடைபட்டிருக்க, மேலே இறகு எல்லாவற்றையும் மூடிவிடும். நான் கால்நடைப் போதனாசிரியராக வேலை பார்த்த காலத்தில் இப்படி ஒரு பேட்டை, நன்றாகத் தின்கிறதே என்று நானே பார்க்காமல் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அது செத்துக் கிடந்தது. இறகை விலக்கிப் பார்த்தபோது செட்டைக்கு அடியில் நான்கு துளைகள் இருந்தன. ஒன்றைச் சுற்றி அழுத்தியதும் தோல் அப்படியே வழுக்கி நகர்ந்தது. கோழி பிற விலங்குகளுக்கு இரையாகும் பறவை என்பதால், தன் நோவை ஒளித்துக்கொள்வது அதன் இயல்பு.

ஆகவே அந்தப் பேட்டை இன்று மாலையே மடியில் வைத்து, வெளிச்சத்தில், இறகை எதிர்ப்புறமாக ஊதி ஊதிப் பாருங்கள். செட்டையின் அடி, தொடையின் உட்புறம், வாலடி, முதுகின் இரு பக்கங்கள் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுத்த இடம் எதுவோ அங்கே துளை இருக்கும். காயத்தைச் சுற்றியுள்ள இறகைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்கினால் மெல்லிய தோலும் சேர்ந்து கிழியும். தூக்கிப் பிடிக்கும்போது நெஞ்சை இறுக்க வேண்டாம். கோழிக்கு நம்மைப் போல மூச்சுக்குரிய பிரிமென்றகடு இல்லை. நெஞ்செலும்பு மேலும் கீழும் அசைந்தால்தான் அது மூச்சுவிட முடியும். காயப்பட்ட கோழியைத் துணியால் இறுகச் சுற்றி, மூச்சுத் திணறிச் சாகவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

கழுவுவதற்கு, கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீரில் மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள். ஊசி கழற்றிய 20 மில்லிலீற்றர் சிறிஞ்சால் இளஞ்சூடாகப் பீய்ச்சினால் மண்ணும் இறகுத்துண்டும் வெளியே வரும். முதுகுக் காயத்தில் நீங்கள் வைத்த கோப்பித்தூளையும் இப்படியே நனைத்து நனைத்து எடுக்க வேண்டும். இரத்தத்தை நிறுத்தத்தான் வைத்திருப்பீர்கள். ஆனால் அது காய்ந்து ஓடு போலாகி, அடியில் அழுக்கை மூடிவைக்கிறது. இரத்தத்தை நிறுத்துவதற்குச் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிப்பதே போதும். கழுவிய பின் மருந்துக்கடையில் கிடைக்கும் பொவிடோன் அயடீனை, பால் சேர்க்காத இளந்தேநீரின் நிறம் வரும்வரை தண்ணீர் கலந்து தடவலாம். ஸ்பிரிற்று, ஐதரசன் பேரொட்சைட்டு, மண்ணெண்ணெய் ஆகியவை புதிதாக வளரும் சதையையும் சுட்டுவிடும். உண்ணிக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் காயத்துக்குள் விடுவது கோழியைக் கையால் கொல்வதற்குச் சமம்.

ஓர் எச்சரிக்கை: துளையில் மூச்சுக்கு மூச்சு குமிழி வந்தாலோ, தோலுக்கடியில் காற்று ஊதியதுபோல் இருந்தாலோ, அந்தத் துளை காற்றுப்பை வரை போயிருக்கிறது. அங்கே ஒரு துளி தண்ணீரும் விடாமல், மேலே சுத்தமான துணியை வைத்துக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். கழுத்தடித் தீன்பை கிழிந்து தின்றது வெளியே வந்தாலும் அப்படியே செய்ய வேண்டும். பல் துளைகளை வீட்டில் நூலால் தைத்து மூட வேண்டாம். உள்ளே அடைபடும் சீழ் கோழியில் தண்ணீராக வடியாது, பால்கட்டிபோல இறுகி நின்றுவிடும், பிறகு கீறித்தான் எடுக்க வேண்டிவரும்.

இனிப் பச்சை நிறத்துக்கு வருகிறேன். இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் நல்ல கோழியைச் சட்டிக்கு அனுப்பிவிடுகிறார்கள். நமக்கு அடிபட்டால் கன்றிய இடம் நீலமாகி, பின் மஞ்சளாகும். கோழியின் உடலில், கசிந்த இரத்தம் சிதையும்போது உண்டாகும் பச்சை நிறப்பொருளை மஞ்சளாக மாற்றும் நொதியம் இல்லை. ஆகவே கன்றல் இரண்டு மூன்று நாளில் பாசிப்பச்சையாகித் தெரிந்து, பின்னர் மெல்ல மங்கும். தொட்டுப் பாருங்கள். தோல் இளஞ்சூடாகவும் உலர்ந்தும் இருந்து, மணமும் இல்லையென்றால் அது வெறும் கன்றல்தான். அழுகல் என்றால் தோல் குளிர்ந்து, கறுத்து, ஈரமாகி, தொட்டதும் இறகு கழன்று வரும். மணம் உங்களை வாசலிலேயே நிறுத்திவிடும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது கன்றலாகவே தோன்றுகிறது, அறுக்க வேண்டாம். உள்ளங்கை அளவு தோல் போன முதுகும், ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சதை வளர்ந்து சில வாரங்களில் மூடிக்கொள்ளும். கோழியின் உடலுக்கு அந்த வல்லமை உண்டு. குடல் வெளியே வந்த கோழியையும், முதுகெலும்பு முறிந்து இரு கால்களும் செயலற்ற கோழியையும் மட்டும் துன்பப்பட விடாமல் முடித்துவிடுவதே இரக்கம்.

திறந்த காயத்துக்கு நான் விரும்பிச் சொல்வது நம் வன்னிக் காட்டுத் தேன். வடிகட்டிய, சீனிப்பாகு கலக்காத தேனை மெல்லியதாகத் தடவி, மேலே ஒட்டாத துணி வைத்தால் காயம் வறண்டுபோகாமலும் கிருமி பெருகாமலும் இருக்கும். நாளுக்கு ஒருமுறை கழுவி மாற்ற வேண்டும். எறும்பு வரும் என்பது உண்மைதான். கூட்டின் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைகளில் வையுங்கள். எறும்பைவிட இலையானே பெரிய எதிரி. அது இட்ட முட்டை ஒரு நாளுக்குள் புழுவாகிவிடும் என்பதால், கோழியை நுளம்புவலை போர்த்திய கூட்டில் வைத்து, காலையும் மாலையும் காயத்தைப் பார்க்க வேண்டும். இறகடியில் வெள்ளைப் பொடி ஒட்டியதுபோல் தெரிந்தால் அது இலையான் முட்டை. உடனே அந்த இறகோடு வெட்டி எடுங்கள். புழு வந்துவிட்டால் சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து, உப்புத்தண்ணீரால் கழுவுங்கள். வேப்பெண்ணெயைக் காயத்துக்குள் விடாமல், சுற்றியுள்ள இறகில் தடவினால் இலையான் சற்று விலகும்.

சேவலின் முறிவு முட்டிக்குக் கீழே, செதில் உள்ள பகுதியில் இருந்து, எலும்பு வெளியே வராமலும் இருந்தால் வீட்டிலேயே கட்டலாம். பஞ்சு சுற்றி, இரு பக்கமும் மழித்த மூங்கில் சிம்பு வைத்து, மேலே துணிநாடாவால் கட்டுங்கள். மறுநாள் விரல்கள் வீங்கியோ குளிர்ந்தோ இருந்தால் கட்டு இறுகிவிட்டது, தளர்த்த வேண்டும். ஏறத்தாழ மூன்று வாரம் இப்படியே இருக்கட்டும். தொடை முறிவு என்றால் கட்டு நிற்காது. அதை வைத்தியர்தான் பார்க்க வேண்டும்.

மூன்றையும் மற்றக் கோழிகளிலிருந்து பிரித்து வையுங்கள். சிவப்பைக் கண்டால் கூடப்பிறந்த கோழியும் கொத்தும். மங்கிய வெளிச்சமும் அமைதியும் வேண்டும். மாசிப்பனிக்கு இரவில் கூட்டின் ஒரு மூலையில் மட்டும் ஒரு மின்குமிழைத் தொங்கவிடுங்கள். வெப்பம் கூடினால் கோழி மறுமூலைக்கு நகரட்டும். சொண்டைத் திறந்து மூச்சு வாங்கிச் செட்டையை விரித்தால் வெப்பம் அதிகம் என்று பொருள். முதல் தேவை தண்ணீர். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனித்தூள் ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து வைத்து, சொண்டின் நுனியை மட்டும் அதில் நனைத்துக் காட்டுங்கள். வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போகும். பின்னர் நனைத்த தவிடும், அவித்து மசித்த முட்டையும் கொடுக்கலாம். கறையான் எடுக்கத் தெரிந்தவராக இருப்பீர்கள்: சாணமும் தென்னந்தும்பும் அடைத்த பழைய சட்டியைப் புற்றடியில் கவிழ்த்து, சிறிது தண்ணீர் தெளித்து வைத்தால் மறுநாள் காலையில் ஒரு கை நிறையக் கிடைக்கும். சதை வளர வேண்டிய கோழிக்கு அதைவிட நல்ல புரதம் காசு கொடுத்தும் கிடைக்காது. உப்புக் கருவாடு வேண்டாம். அடியில் பழைய பத்திரிகைத்தாளை விரித்தால் எச்சத்தைப் பார்க்கலாம். கடும்பச்சையாக, அளவு குறைந்து வந்தால் கோழி தின்னவில்லை.

பனடோலும், வீட்டில் மிஞ்சிய கப்சூலும் கொடுக்காதீர்கள். பல் துளை உள்ள கோழிக்கு நுண்ணுயிர்க்கொல்லி பெரும்பாலும் தேவைப்படும்; எது, எத்தனை நாள் என்பதை உங்கள் பிரதேசத்துக் கால்நடை வைத்திய பணிமனையில் கேளுங்கள். அந்த மருந்து கொடுக்கும் நாட்களிலும், அதன் பின் கால்நடை வைத்தியர் சொல்லும் நாட்கள் முடியும்வரையும் முட்டையை உண்ண வேண்டாம், அடைக்கும் வைக்க வேண்டாம். நீங்கள் வைத்தியசாலைக்குப் போகும் பயணத்திலேயே, ஒன்றுமில்லை என்று எழுதிய அந்தப் பேட்டையும் ஒரு கடகத்தில் வைத்து அந்தப் பணிமனைக்கு எடுத்துச் செல்ல முடிந்தால் நல்லது.

பேடுகள் சில வாரங்கள் முட்டையிடாமல் இருக்கலாம். அதற்காக எந்த மருந்தும் கொடுக்க வேண்டாம். காயம் முழுதாக மூடி, தோல் சிவப்பு மறைந்த பின், முதலில் வலைக்கு அப்பால் வைத்து மற்றக் கோழிகளுக்குக் காட்டுங்கள். நான்கைந்து நாள் கழித்து, பொழுது சாய்ந்து எல்லாம் அடைந்த பிறகு, இருட்டில் அவற்றின் நடுவே விடுங்கள். சேவல் அப்போதும் மாமரக் கொப்புக்குப் பறக்க மாட்டாது. அதற்குக் கூட்டுக்குள் ஒரு முழ உயரத்தில் தடி கட்டுங்கள். நாய் தோண்டி நுழையாதபடி கூட்டின் நான்கு பக்கமும் கம்பிவலையை ஒன்றரை அடி அகலத்துக்கு நிலத்தில் படுக்கையாக விரித்து, மண் போட்டு மூடிவிடுங்கள்.