ரிப்போர்ட்டில் ஓகே, கண்மாயில் மீன் சாகுது

கேள்வி: எங்கள் ஊர் திருமங்கலம் பக்கம். ரோட்டோரப் பங்க் ஒன்றில் மண்ணுக்கடியில் இருந்த டேங்க் கசிந்து சுற்றியிருக்கிற போர்களில் எல்லாம் பெட்ரோல் வாடை. இப்போது அந்த நிலத்தடி நீரை இறைத்து, சுத்தம் பண்ணி, எங்கள் கண்மாய் வரத்துக்காலில் விடுகிறார்கள். குழாய் விழும் இடத்தில் காவிக் கலரில் படிகிறது. போன வாரம் கெண்டை செத்து மிதந்தது, விராலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கேட்டால் "எல்லாம் வரம்புக்குள்தான்" என்று ரிப்போர்ட்டை நீட்டுகிறார்கள். பொய்யா?

பதில்: பொய்யாக இருக்கணும் என்று இல்லை. எதை அளந்தார்கள் என்று பாருங்கள். 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் ஆறு, குளத்தில் விடும் கழிவுநீருக்கு ஒரு பொதுப் பட்டியல் உண்டு. பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு) 30, எண்ணெய்-கிரீஸ் 10, இரும்பு 3, எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம். பெட்ரோல் கசிவில் முதலில் தேட வேண்டிய பென்சீனுக்கு அதில் தனி வரியே கிடையாது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிற சரக்கு அது! எண்ணெய்-கிரீஸ் சோதனையில் சிக்காதா என்றால், அங்கே எண்ணெயை ஒரு கரைப்பானில் (எண்ணெயைக் கரைக்கும் திரவத்தில்) பிரித்தெடுத்து, அந்தக் கரைப்பானை ஆவியாக்கிவிட்டு மிச்சத்தைத்தான் எடை போடுவார்கள், பென்சீன் அந்த ஆவியோடேயே பறந்துவிடும்.

காவிப் படிவுக்கு வருவோம். மண்ணுக்கடியில் பெட்ரோலைத் தின்கிற நுண்ணுயிரிகள் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைக் காலி பண்ணிவிடும், அப்புறம் மண்ணில் இருக்கிற இரும்பு கரைந்து வரும். மேலே வரும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், காற்றுப் பட்டதும் அதிலுள்ள இரும்பு துருவாகிப் படிகிறது. ஆக, மூச்சுக் காற்று குறைந்த தண்ணீர் கண்மாயில் விழுகிறது. கெண்டை செத்ததற்கு என் முதல் சந்தேகம் இதன் மேல்தான். விரால் மேலே வந்து காற்றைக் குடித்துக்கொள்ளும், அதனால் அது பிழைத்ததை வைத்துத் தண்ணீர் நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதே பட்டியலில் மீன் சோதனை என்று ஒரு வரி இருக்கிறது, பலரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். வேறு தண்ணீர் கலக்காத கழிவுநீரில் 96 மணி நேரம் விட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு மீன் உயிரோடு இருக்கணும். ஒவ்வொரு ரசாயனமும் தனித்தனியாக வரம்புக்குள் இருந்து, சேர்ந்து கொல்கிற கேஸ் இதில்தான் மாட்டும். அதைச் செய்தார்களா என்று கேளுங்கள். மாதிரி எடுத்தது எதில் என்றும் கேளுங்கள். பென்சீனுக்குச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஒரு குமிழி காற்றுகூட இல்லாமல் நிரப்பி, ஐஸில் வைத்துக் கொண்டுபோகணும். பாதி நிறைந்த பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுபோனால் ரிசல்ட் சுத்தமாகத்தான் வரும். 'பி.டி.எல்.' (கருவி கண்டுபிடிக்கும் அளவுக்கும் கீழே) என்று போட்டிருந்தால், அந்தக் கருவி எவ்வளவு வரைக்கும் கண்டுபிடிக்கும் என்ற எண்ணையும் வாங்குங்கள். அந்த எண்ணே வரம்பைவிடப் பெரிசாக இருந்தால் அந்த ரிப்போர்ட்டில் விஷயமே இல்லை.

கேள்வி: இதையெல்லாம் வைகையில் விட்டால் கலந்து கரைந்து போய்விடாதா? (மதுரை செல்லூர் வாசகர்)

பதில்: கலக்க வைகையில் தண்ணீர் எங்கே ஐயா இருக்கிறது? அமெரிக்காவில் வரம்பு எழுதும்போது, பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வரக்கூடிய மிகக் குறைந்த ஏழு நாள் ஓட்டத்தை எடுத்து, அதில் கலந்தால் என்ன அளவு நிற்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுவது வழக்கம். அந்தக் கணக்கை ஏ.வி. பாலத்துக்குக் கீழே நின்று போட்டால் பூஜ்யம்தான் வரும். அழகர் இறங்குவதற்கே அணையைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. அதனால் நம் பக்கம் கலப்புச் சலுகை எதுவும் தராமல், வரம்பைக் குழாய் வாயிலேயே வைக்கணும். பொதுப் பட்டியலைவிடக் கடுமையான அளவைப் போட மாசுக் கட்டுப்பாடு வாரியத்துக்கு அதே 1986 விதிகளில் அதிகாரம் இருக்கிறது. திருமங்கலத்துக்காரர் மனு எழுதினால் பென்சீனையும் மீன் சோதனையையும் பெயர் சொல்லியே கேட்கட்டும்.